மாந்தோப்பில் பூச்சி வரும் நாளைக் கணிப்பது எப்படி: செட்டிநாட்டுத் தோப்புகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பொறியை எந்த வாரம் மாட்டுவது, மருந்து தேவையா என்று எந்த வாரம் பார்ப்பது, விழுந்த பழத்தை எந்த நாளிலிருந்து பொறுக்குவது? இந்த மூன்றுக்கும் பத்து நாள் முன்னதாகத் தேதி சொல்லத் தெரிந்தால் போதும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மாந்தோப்புகளில் செய்துபார்த்து, தப்பு செய்து, திருத்திக்கொண்ட முறை இது.

புதிதாக வருகிறவர்கள், நாளுக்கு நாள் சேரும் வெப்பத்தைக் கூட்டிப் பூச்சியின் தேதி சொல்கிற வெப்பக் கணக்கிலேயே எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். குளிர்நாட்டு ஆப்பிள் தோப்பில் அது சரி. அங்கே பனிக்காலம் முழுக்கப் பூச்சி உறங்கும், வெப்பம் சேரச் சேர எழும். நம் ஊர் மார்கழி இரவில் பூச்சியை உறங்க வைக்கிற குளிர் கிடையாது. இங்கே அது காத்திருப்பது பூவுக்கும் பழத்துக்கும். அதனால் முதலில் மரம், அப்புறம் மழை, அதற்கும் அப்புறம் வெப்பம். கீழே உள்ள படிகளை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று. மழைமானி ஒன்று. நீண்ட நோட்டு ஒன்று. மீத்தைல் யூஜினால் (ஆண் ஈயை இழுக்கும் மணப்பொருள்) கட்டை போட்ட பழ ஈப் பொறி, கண்காணிக்க ஏக்கருக்கு 2. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி இரண்டு, கொஞ்சம் ஆற்று மணல், கொசுவலைத் துணி. பழைய வெள்ளை வேட்டி ஒன்று.

எல்லாம் கார்த்திகைக்குள் தயாராக இருக்கட்டும். பூங்கொத்து எட்டிப்பார்த்த பிறகு வெப்பமானி வாங்கக் கடைக்குப் போகிறவருக்கு அந்த வருடக் கணக்கு கிடையாது.

2. ஒரே ஒரு பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்

முதல் வருடம் பழ ஈ, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, கொட்டை வண்டு என்று நான்கையும் பிடித்தவர்கள் மாசி வரும்போது நோட்டை மூடிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம் என்பதுதான் காரணம். கொட்டை வண்டுக்கு வருடத்துக்கு ஒரே தலைமுறை. பட்டை இடுக்கில் காத்திருந்து, பிஞ்சு கோலிக்குண்டு அளவைத் தாண்டியதும் முட்டையிட வரும். அதற்கு வெப்பக் கணக்கே வேண்டாம், பிஞ்சின் பருமனைப் பார்த்தால் போதும்.

பழ ஈ அப்படியல்ல. பழம் கிடைக்கிற வரை தலைமுறை மேல் தலைமுறையாகப் பெருகும். கணிப்பால் அதிகப் பலன் கிடைப்பதும் இதில்தான், ஆகவே இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். தத்துப்பூச்சியை இரண்டாவது வருடம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கான குறிப்பு எட்டாம் படியில் இருக்கிறது.

3. வெப்பமானியை மாட்டும் இடம்

அதிகம் பேர் சறுக்குகிற இடம் இது; நானும் சறுக்கினேன். முதல் வருடம் வெப்பமானியை வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், தூணுக்குப் பின்னால் மாட்டினேன். மழை படாது, வெயில் படாது, காலையில் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம். இரண்டு மாதம் கழித்துத் தோப்பில் இன்னொன்றை மாட்டிப் பார்த்தால் பகலில் வளவு தோப்பைவிடக் குளிர்ச்சி, விடியற்காலையில் தோப்பைவிடக் கதகதப்பு. அந்தக் காலத்துத் தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் எதற்காகக் கட்டப்பட்டனவோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தன. இரண்டு மாதக் குறிப்பும் வீண்.

தோப்புக்குள் நாள் முழுக்க நிழல் விழும் கிளையில், ஆள் உயரத்தில் மாட்டுங்கள். அடிமரத்தை ஒட்டி வேண்டாம், காற்று ஓட வேண்டும். தகரக் கொட்டகை, மோட்டார் அறைச் சுவர் பக்கமே போகாதீர்கள். தினமும் காலை 8 மணிக்குப் படித்து, எழுதி, உடனே பழைய அளவை அழித்துவிடுங்கள். அழிக்க மறந்தால் நேற்றைய உச்சமே இன்றும் நிற்கும். நோட்டில் நான்கு நாள் தொடர்ந்து ஒரே அதிகபட்சம் இருந்தால் அது மறதிதான்.

4. பழைய வருடங்களைத் தேடி எடுங்கள்

மாறிவரும் காலநிலையில் இந்த வருடம் எங்கே நிற்கிறது என்று தெரிய, பின்னால் இருபது வருடமாவது வேண்டும். இரண்டு இடத்திலிருந்து எடுக்கலாம்.

ஒன்று இணையம். நாசா பவர் என்ற தளத்தில் உங்கள் தோப்பின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் 1981 முதல் தினசரி வெப்பநிலை இலவசமாகக் கிடைக்கும். காரைக்குடிக்கு ஏறத்தாழ 10.07, 78.78. அந்த எண் பல கிலோமீட்டர் பரப்புக்கான சராசரி, உங்கள் தோப்பின் வெப்பநிலை அல்ல. ஆகவே ஒரு மாதம் உங்கள் வெப்பமானியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சராசரி வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைப் பழைய எண்களிலும் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள். அதிகபட்சத்துக்கு ஒரு வித்தியாசம், குறைந்தபட்சத்துக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று ஆட்களின் நினைவு. பூ எப்போது வந்தது என்பதை எந்த இணையதளமும் சொல்லாது, குத்தகைக்காரர் சொல்வார். ஆனால் அவர் தேதி சொல்லமாட்டார். "பழனிக்குக் காவடி புறப்பட்டப்ப பூ நெறஞ்சு நின்னுச்சு தம்பி" என்பார். "நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலன்னிக்கு ஒரு பூவும் இல்ல" என்பார். இதைத் தேதியாக்கும்போது கவனம் வேண்டும். செவ்வாய்ப் பொங்கல், தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அதிகம் போனால் ஒரு வாரம் நகரும். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் நட்சத்திரத்தைப் பிடித்து வருபவை, வருடத்துக்கு வருடம் பல நாள் தள்ளிப்போகும். அந்தந்த வருடப் பஞ்சாங்கத்தையோ பழைய நாட்காட்டியையோ பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு பையன் எல்லா வருடத்துக்கும் தைப்பூசம் ஜனவரி 25 என்று போட்டுவிட்டு, "பூ தேதி மாறவே இல்லையே அண்ணே" என்று வந்து நின்றான்.

5. தொடக்கப் புள்ளியை மரத்தில் வையுங்கள்

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதுதான் முழுக் கணிப்பின் ஆணி. ஜனவரி 1 என்று வைக்கிறவர்கள் உண்டு, வேண்டாம். மாமரம் பூக்க, மழை விட்டு வேர்ப்பகுதி சற்றுக் காய வேண்டும், இரவு கொஞ்சம் குளிர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்து மார்கழியில் வெறித்தால் தையில் பூ. 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் வழக்கத்தை மீறிக் கொட்டியதே, அதுபோலத் தையிலும் மழை நின்றுபெய்தால் பூ தள்ளிப்போகும், அல்லது பூவுக்குப் பதிலாகத் துளிர் வரும், அல்லது ஒரே மரத்தில் வடக்குக் கிளை ஒரு தடவையும் தெற்குக் கிளை ஒரு தடவையும் பூக்கும்.

ஒவ்வொரு ரகத்திலும் 10 மரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதி மரங்களில், பாதிக் கிளைகளாவது பூங்கொத்து விட்ட நாளை முதல் புள்ளியாக எழுதுங்கள். பழ ஈக்கு இன்னொரு புள்ளியும் வேண்டும்: காய் முற்றத் தொடங்கும் நாள். தோள்பட்டை உப்பி, காம்படி குழிந்து, காயின் பச்சை சற்று வெளுக்கும் நாள் அது. பெண் ஈ முட்டையிடத் தேடுவது அந்தப் பருவத்துக் காயைத்தான்.

பூ இரண்டு மூன்று தவணையாக வந்தால் ஒவ்வொரு தவணைக்கும் தனிப் பக்கம் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து நடுவில் ஒரு சராசரித் தேதி எழுதினால் அந்தத் தேதியில் தோப்பில் எந்தப் பூவும் இருக்காது.

6. பொறியை மாட்டுங்கள், எண்ணுங்கள்

அறுவடைக்கு 60 நாள் முன்பே பொறி தொங்க வேண்டும். தாமதமாக மாட்டினால் ஈ எப்போது ஏறத் தொடங்கியது என்பது தெரியாமலே போய்விடும். நிழலில், தலை உயரத்தில், தோப்பின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமையில் எண்ணுங்கள்.

வாங்கும்போது கட்டையின் பெயரைப் படித்து வாங்குங்கள். ஒரு கடையில் பழ ஈக் கட்டை கேட்டதற்குப் பாகல், பூசணிக்குப் போடும் கியூலூர் கட்டையைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் மாம்பழ ஈ ஒன்றுகூட விழவில்லை. தோப்பு சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தேன்.

எண்ணிக்கை பூஜ்யமாக வர இன்னொரு காரணம் எறும்பு. செத்து விழுந்த ஈக்களை முசுறு ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். பொறி தொங்கும் கம்பியில் விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவினால் சரியாகும். முசுறுக் கூட்டைக் கலைக்க வேண்டாம், ஈக்களை விரட்டி உங்களுக்கு உதவுகிற ஜீவன் அது. ஏறிப் பறிக்கும்போது கடிக்கும், அவ்வளவுதான்.

மீத்தைல் யூஜினாலுக்கு வருவது ஆண் ஈ மட்டும். பொறியில் 200 விழுந்தது என்றால் 200 பழம் கெட்டது என்று அர்த்தமில்லை. எண்ணிக்கை எந்த வாரம் திடீரென்று ஏறுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். பக்கத்தில் கொய்யாவோ சப்போட்டாவோ இருந்தால் அதையும் நோட்டில் எழுதிவையுங்கள், மாம்பழம் இல்லாத மாதங்களில் ஈ குடியிருப்பது அங்கேதான்.

7. வாளியில் உங்கள் தோப்புக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

டிகிரி நாள் என்பது ஒரு நாளில் பூச்சிக்கு உதவுகிற வெப்பம் எவ்வளவு என்கிற கணக்கு. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, பூச்சி வளரத் தொடங்கும் கீழ்வரம்பைக் கழிக்க வேண்டும். பழ ஈக்கு நான் 13 டிகிரியைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்கிறேன்.

இதோடு மேல்வரம்பும் உண்டு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். 34, 35 டிகிரிக்கு மேல் போனால் பழ ஈ இன்னும் வேகமாக வளராது, திணறும். ஆகவே அதிகபட்சம் 34ஐத் தாண்டினால் 34 என்றே போடுங்கள். கத்திரி வெயிலில் 39 டிகிரியை அப்படியே போட்டால் ஈ வருவதற்குப் பல நாள் முன்பே உங்கள் கணக்கு வந்து வாசலில் நிற்கும்.

இனி வாளி. புழு மண்ணில் இறங்கி ஈயாக வெளிவர உங்கள் தோப்பில் எத்தனை டிகிரி நாள் ஆகிறது என்று இதில் தெரியும். ஈ குத்தி முட்டையிட்டு விழுந்த பழங்களை எடுத்து, மூன்று விரல் உயரம் ஈர மணல் போட்ட வாளியில், கம்பிவலைத் தட்டின் மேல் வையுங்கள். வாயைக் கொசுவலையால் கட்டி, தோப்பு நிழலிலேயே வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். முற்றிய புழு பழத்தைத் துளைத்து வெளியே வந்து, உடம்பை வளைத்துத் துள்ளி மணலில் விழும். பழத்தின் மேல் காதை வைத்தால் உள்ளே நெளிகிற சத்தம்கூடக் கேட்பதாக எங்கள் காவல்காரர் சொல்வார். எனக்குக் கேட்டதில்லை.

புழு மணலில் இறங்கிய நாளை எழுதுங்கள். அன்றைக்குப் பழத்தை எடுத்துவிட்டு, அதுவரை விழுந்த புழுக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எந்த ஈ எந்த நாள் புழுவிலிருந்து வந்தது என்று குழம்பும். மணல் காயாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை தெளிக்கவும். சேறாக்கினால் கூட்டுப்புழு அழுகும். பழுப்பு நிற ஈக்கள் வலையில் ஏறி உட்காரும் நாள் முடிவு நாள்.

ஓர் உதாரணம். அதிகபட்சம் 35, குறைந்தபட்சம் 25 இருக்கும் வாரம் என்று வைத்துக்கொள்வோம். 35ஐ 34 ஆக்கி, 25ஐக் கூட்டி, இரண்டால் வகுத்தால் 29.5. அதில் 13 போனால் 16.5. ஈ 9 நாளில் வந்தால் 148.5, சுமார் 150. மார்கழி, தையில் 30க்கும் 20க்கும் நடுவே ஓடும் நாளில் ஒரு நாளைக்கு 12தான் சேரும். அதே 150 சேரப் பன்னிரண்டரை நாள். இரண்டு மூன்று வாளி வைத்து, வருகிற எண்களின் சராசரியை உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். என் உதாரண எண்ணை எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

புது ஈ வந்த அன்றே முட்டையிடாது. தின்று, முற்றி, இணை சேர இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே செந்தூரம் பழுத்து விழுந்த வாரத்திலிருந்து எண்ணினால், மண்ணில் 9 நாள், அப்புறம் 8 முதல் 10 நாள். கிட்டத்தட்ட இரண்டரை வாரம் கழித்துப் பங்கனப்பள்ளியில் குத்து விழும். அதில் பெருகியது நீலத்துக்குப் போகும். கலப்புத் தோப்பில் கடைசி ரகம் எப்போதும் அடிவாங்குவது இப்படித்தான். விழுந்த பழத்தை வாரம் ஒரு தடவை பொறுக்கினால் புழு அதற்குள் மண்ணுக்குப் போயிருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

8. தத்துப்பூச்சிக்கு வேறு வழி

தத்துப்பூச்சிக்கு வாளி வேண்டாம். முட்டை பொரிய 4 முதல் 7 நாள், குஞ்சு முற்ற 8 முதல் 13 நாள். ஆகவே முதல் பூங்கொத்து விட்டதிலிருந்து இரண்டு, மூன்று வாரத்தில் கூட்டம் உச்சத்துக்கு வரும். பூங்கொத்து நாளை எழுதியிருந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

மார்கழியிலேயே அடிமரப் பட்டை இடுக்குகளைப் பாருங்கள். அங்கே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். தோப்புக்குள் நடக்கும்போது தூறல் விழுகிற மாதிரி இலைகளில் சடசடவென்று சத்தம் வந்தால் நிமிர்ந்து வானத்தைப் பார்க்காதீர்கள், பூச்சி எழும்பி மோதுகிறது. பூ விட்டதும் வாரம் இரண்டு நாள், காலையில், வேட்டியைக் கீழே விரித்துப் பூங்கொத்தை உலுக்கி எண்ணுங்கள். மரத்துக்கு நான்கு திசையிலும் ஒன்று. கொத்துக்கு 5 குஞ்சு என்ற அளவைத் தொட்டால் வேளாண் அலுவலரிடம் கேட்டு மருந்து முடிவு செய்யலாம். பூ முழுக்க விரிந்த நாட்களில் அடிக்க வேண்டாம். மகரந்தம் சேர்க்கும் தேனீயும் மற்ற ஈக்களும் செத்தால் பிஞ்சு பிடிக்காது.

கிளை கிளையாக அடர்ந்து வெளிச்சம் புகாத பழைய தோப்பில் இது முன்னதாகவே வரும், மேகமூட்டமான வாரத்தில் இன்னும் வேகமாகப் பெருகும்.

9. மழை பெய்தால் கணக்கைத் திருத்துங்கள்

கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் மண் இளகி, கூட்டிலிருந்து ஈ எளிதாக வெளியே வரும். அதற்கு முன் மண் இறுகிக் கிடந்த செம்பொறை மண் தோப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மழைக்குப் பின் வரும் இரண்டு வாரமும் பொறியை வாரம் இரண்டு முறை எண்ணுங்கள். நீர் தேங்கினால் கூட்டுப்புழு மூச்சுமுட்டிச் சாகும், எண்ணிக்கை குறையும்.

அடுத்த ஐந்து நாளுக்கான மழையும் வெப்பமும் இந்திய வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் தமிழிலேயே வருகின்றன. கணிப்பை அதற்கேற்ப முன்னே பின்னே நகர்த்துங்கள்.

10. கணிப்பை ஒரு வரியில் எழுதி, தப்பையும் எழுதுங்கள்

"மே 18 முதல் 24க்குள் பங்கனப்பள்ளியில் முதல் குத்து. எழுதிய நாள் மே 6." இப்படி. ஒரே தேதியாக எழுத வேண்டாம், ஒரு வார இடைவெளி கொடுங்கள். எழுதிய நாளைக் குறிக்காவிட்டால், நடந்து முடிந்த பிறகு "நான் அப்பவே சொன்னேன்" என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம்.

உண்மையில் நடந்த தேதியைப் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதுங்கள். மூன்று வருடம் தொடர்ந்து நான்கு நாள் தாமதமாக வந்தால் வாளியில் கண்டுபிடித்த உங்கள் டிகிரி நாள் எண்ணைச் சற்று உயர்த்துங்கள். ஒரு வருடம் முன்னே, ஒரு வருடம் பின்னே என்றால் எண்ணில் தப்பில்லை, தொடக்கப் புள்ளியைச் சரியாகக் குறிக்கவில்லை.

11. வரப்போகும் வருடங்களுக்கு ஒரு சோதனை

இது கடைசிப் படி. மூன்று வருடக் குறிப்பு சேர்ந்த பிறகு செய்யுங்கள். நோட்டிலுள்ள எல்லா அதிகபட்சத்திலும் குறைந்தபட்சத்திலும் 1 டிகிரி கூட்டி மறுபடி கணக்குப் போடுங்கள்.

முன் சொன்ன தை மாத நாளில் 12 என்பது 13 ஆகும். 150 சேரப் பன்னிரண்டரை நாளுக்குப் பதில் பதினொன்றரை நாள். கோடை நாளில் அதிகபட்சம் ஏற்கெனவே 34இல் முட்டி நிற்கிறது. இரவு மட்டும்தான் கூடும். 16.5 என்பது 17 ஆகும், மிச்சப்படுவது சில மணி நேரம். அதாவது நம் ஊரில் பகல் வெயில் இன்னும் ஏறுவதைவிட, மார்கழி, தை இரவுகள் வெதுவெதுப்பாவதுதான் பழ ஈக்குச் சாதகம். நோட்டில் குறைந்தபட்ச வரிசையைக் கண்ணாக எழுதச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வெப்பம் நகர்த்துவது ஒரு நாள், இரண்டு நாள். மழை தவறிப் பூ தள்ளிப்போனால் நகர்வது மூன்று, நான்கு வாரம். பழைய வருடங்களின் பூத்த தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். ஆகவே ஒரு வருடம் வெப்பமானி உடைந்துபோனாலும் இணைய எண்ணை வைத்துச் சமாளிக்கலாம். பூங்கொத்து விட்ட நாளை எழுத விட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க, மறுபடியும் குத்தகைக்காரரிடம் போய்க் காவடி எப்போது புறப்பட்டது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.